கோர்ட் இல்லாத பதினெட்டாம் தேதி

உள்ளறையிலிருந்து அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. இரண்டு இழுப்புக்கு நடுவே, "வந்துட்டானா?" என்ற கேள்வி.

"வந்துட்டே இருக்கான்மா!" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் கோர்ட் டைப்பிஸ்ட். எதிரே நின்ற வக்கீல் குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். ஜாமீன் உத்தரவோடு அவள் தம்பியை ஜெயிலிலிருந்து அழைத்துவரப் போனவர், அதே காகிதத்தோடு தனியாகத் திரும்பியிருந்தார்.

"விடமாட்டேங்கிறாங்க தங்கச்சி. இன்னைக்குப் பதினெட்டு, கோர்ட்டே கிடையாது, லீவு நாள்ல உத்தரவு போட்டது எந்த ஜட்ஜு, உங்க மாமனாரான்னு கேட்டுச் சிரிக்கிறான் அந்த ஆபீசர்."

காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். தேதி பதினெட்டு என்றுதான் இருந்தது, அவள் எழுத்தேதான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோர்ட்டில் டைப் அடிக்கிறாள். ஒரு பிழைகூட விட்டதில்லை என்பதால் 'ரப்பர் வாங்காத மகராசி' என்று அங்கே அவளுக்குப் பட்டப்பெயர். உத்தரவை டைப் அடித்து, தேதியை மட்டும் பேனாவால் நிரப்புவது அங்கே வழக்கம். விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் நேற்று, பதினேழு. நாளைக்குத் தம்பி வந்துவிடுவான், நாளைக்கு அம்மா கண்குளிரப் பார்த்துவிடுவாள் என்று மனம் அடித்துக்கொண்டதில், பாழாய்ப்போன கை நாளைய தேதியையே எழுதிவிட்டது. ஜட்ஜும் கிளம்புகிற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோர்ட் உட்காராத நாளுக்குச் சட்டத்தில் லத்தீனில் ஒரு பெயர் உண்டு, 'டயஸ் நான்' என்று. சட்டத்துக்கு அது நாளே இல்லை.

"விடுமுறைக் கோர்ட்?"

"புதன்கிழமைதான் உட்காரும். நம்ம ஜட்ஜும் நேத்தே வெளியூர் கிளம்பிட்டாரு."

இன்று சனி. அம்மா நாளைப் பொழுதைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

அவள் மேஜை டிராயரைத் திறந்து பிளேடை எடுத்தாள். எட்டை ஏழாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

குமாஸ்தா பாய்ந்து காகிதத்தைப் பறித்தார். "பைத்தியமா உனக்கு? அந்த ஆளு ஏற்கெனவே பார்த்த காகிதம். கண்டுபிடிச்சா நீயும் உள்ள போவே. அப்புறம் உங்கம்மா வாய்ல தண்ணி ஊத்த யாரு இருப்பா?"

"என் கை பண்ணின பாவம் அண்ணே. என் கையே தீர்க்கட்டும். ஆறு மணிவரைக்கும் ஜெயில் கேட் திறந்திருக்கும், இன்னொரு தடவை போய்ப் பாருங்க!" என்று அவர் காலில் விழுந்தாள்.

அவளைத் தூக்கி நிறுத்தியபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் காகிதத்தை மடித்துத் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். "புதன்கிழமை காலைல முதல் ஆளா நான் போய் நிக்கிறேன்."

"புதன்கிழமை அம்மா இருப்பாளா அண்ணே?"

குமாஸ்தா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவள் கதவைச் சாத்தினாள்.