உம்மு சல்மா குளிப்பாட்டிய மையித்து

காரைக்காலில் அந்த முஹல்லாவில் எந்தப் பெண் மவுத்தானாலும் முதலில் உம்மு சல்மாவுக்குத்தான் ஆள் வரும். இருபத்தாறு வருஷமாகப் பெண் மையித்துகளை, இறந்தவர்களின் உடல்களை, குளிப்பாட்டுகிறவள். அன்று விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது ஆள் வந்து நின்றது.

"ஜொஹராம்மா மவுத்தாப் போயிட்டாங்க."

"வேற ஆளப் பாருங்க" என்றாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஜொஹராவின் மாமியாரைக் குளிப்பாட்டி முடித்த கையோடு, மூக்குத்தியைக் காணோம் என்று ஜொஹரா வாசலில் நின்று கத்தினாள். "மையித்துலயா கை வைப்பே?" கூடியிருந்த அத்தனை பெண்களுக்கு முன்னால் உம்மு சல்மா மடியை உதறிக் காட்ட வேண்டியதாயிற்று. நாலாம் நாள் மூக்குத்தி மெத்தைக்கு அடியில் கிடைத்தது. அதைச் சொல்ல ஜொஹரா வரவில்லை. மீன்காரி சொல்லித்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் கூடி இறைவன் பேரைச் சொல்லும் திக்ரு மஜ்லிஸில் கண்ணை மூடினால் போதும், ஜொஹராவின் முகம் வந்து நிற்கும். மஜ்லிஸை நடத்தும் ஆலிமாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"வரட்டும் லாத்தா. அவங்களைப் பாக்காதீங்க. அவங்க வரும்போது உங்களுக்குள்ள என்ன எந்திரிக்கிதுன்னு பாருங்க."

அடிபட்டவளுக்கே பாடமா என்று எரிச்சலாக வந்தது.

குளிப்பாட்டத் தெரிந்த இன்னொருத்தி மகளின் பிரசவத்துக்கு நாகூர் போயிருந்தாள். மதியம் லுஹருக்கு அடக்கம். வேறு வழியில்லாமல் உம்மு சல்மா கிளம்பினாள்.

ஜொஹரா பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவள். கூட இருந்தது மகள் சித்திக்கா மட்டும், மருமகன் துபாயில். சித்திக்கா இவளுக்கு ஸலாம் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "கம்மல், வளையல் எல்லாத்தையும் நாங்களே கழட்டிட்டோம்" என்றாள்.

"நல்லதாப் போச்சு. நீயே வந்து தண்ணி ஊத்து. என் கையப் பாத்துக்கிட்டே இரு."

திரைக்குள் இருவர் மட்டும். இலந்தை இலை போட்ட வெதுவெதுப்பான தண்ணீர். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, போர்த்திய துணிக்குள்ளேயே கழுவினாள். இடப்பக்கம் சாய்த்தபோது கை நின்றது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். குழிந்து, சீழ் காய்ந்து, பழைய துணி அதோடு ஒட்டிக் கிடந்தது. பல நாளாக யாரும் புரட்டிப் போடவில்லை.

உம்மு சல்மாவுக்குள் ஒரு நொடி குளுகுளுவென்றிருந்தது. நல்லா வேணும் உனக்கு. பெத்த மக பாத்துக்கிட்ட லட்சணம். வாசலில் போய் ஒரு வார்த்தை சொன்னால், அஸருக்குள் காரைக்கால்மேடு வரைக்கும் போய்விடும்.

அந்தச் சந்தோஷத்தை அவளே பார்த்துவிட்டாள். இத்தனை வருஷமாக மஜ்லிஸில் கண்ணை மூடும்போதெல்லாம் தனக்குள் எழுந்தது இதுதான் என்று தெரிந்தது.

"மெதுவா ஊத்து" என்றாள். துணியை ஊறவைத்து ஊறவைத்துப் பிரித்தெடுத்தாள்.

சித்திக்கா செம்பைத் தாழ்த்தினாள். "மாமி, வெளிய சொல்லிடாதீங்க. நான் ஒருத்தியா எவ்வளவு பாப்பேன்? தொட்டாலே என்னையக் கடிச்சுக் கொதறுவாங்க."

"மையித்துல பாத்தத வெளிய சொல்றது என் வேலை இல்ல. உனக்காகன்னு நெனச்சுக்காதே. ஒன்னைய எனக்குப் பிடிக்கல. உங்க உம்மாவை இன்னமும் பிடிக்கல. ஊத்து."

கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து ஊற்றி, கஃபன் துணி உடுத்தி வெளியே வந்தாள். வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எப்புடி இருந்தாங்க?"

"சுத்தமாப் போறாங்க. துஆச் செய்ங்க." யாரும் இவளை ஒரு டீ குடிக்கச் சொல்லவில்லை.

ஏழாம் நாளுக்குள் சித்திக்கா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்: மையித்த வச்சுக்கிட்டே 'ஒங்க உம்மாவைப் பிடிக்கல'ன்னு சொன்னவ அவ. இவள் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள் போலும். ஜமாஅத்து நிர்வாகி ஒருவர் ஆளனுப்பிக் கேட்டார்.

"ஆமா, சொன்னேன்" என்று பதில் அனுப்பினாள் உம்மு சல்மா. வேறெதுவும் அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. வியாழக்கிழமை மஜ்லிஸுக்கு மட்டும் போய்வந்தாள். சித்திக்கா எதிரே வந்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் புண்ணைப் பற்றிய வார்த்தை வாரா வாரம் நாக்கு நுனி வரை வந்தது. சில வாரம் திக்ரு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.