மூன்றாவது கியர்

அந்தப் பட்டறையில் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு 'பரவாயில்லை' என்பதுதான். அதற்கு மேல் ஒரு சொல் அதை நடத்துகிறவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய வரும் டாக்சிக்காரர்களும் ரொட்டி வேன்காரர்களும் அவளுக்கு வைத்த பெயர் அளவுக்காரி. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் நம்பமாட்டாள். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த பேரிங்காக இருந்தாலும் அளந்த பிறகுதான் உள்ளே போகும். "அக்கா எதிர்ல ரொட்டி வெட்டாதே, கனத்தை அளந்துடுவா" என்று அவள் தம்பி தன் புது மனைவியை எச்சரித்து வைத்திருந்தான்.

அந்தப் புது மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒரே வீட்டில் நாத்தனாரும் தம்பி மனைவியும் என்றால் எப்போது பற்றிக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பற்றிக்கொள்ளத்தான் செய்தது, ஆனால் மாடியில் சமையலறையில் அல்ல. கீழே பட்டறையில், கிளட்ச் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில்.

எல்லாம் அந்தச் சிவப்பு வண்டியால் வந்தது. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார். முதல் சொந்தக்காரர் இன்ஜினைக் கொதிக்கவிட்டு, சிலிண்டர் ஹெட் வளைந்துபோனதும் கைகழுவிவிட்டார். அளவுக்காரி அதை அக்கக்காகப் பிரித்துப்போட்டாள். சிலிண்டர்களைக் கடைந்து, அழுத்தம் தாங்கக்கூடிய பிஸ்டன்களைப் போட்டாள். வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவில் பெரியதாக ஒன்றைப் பொருத்தினாள். இவ்வளவு செய்தவளுக்கு அதை ஓட்டத் துணிவில்லை. தம்பியோ பக்கத்து இருக்கையில் ஒரே ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, இறங்கியதும் வேலியோரம் போய் வாந்தியெடுத்தவன். தம்பி மனைவிதான் சாவியை வாங்கிக்கொண்டாள். பழைய விமானத்தளத்தின் ஓடுபாதையில் இரண்டிரண்டு வண்டிகளாக நேர்கோட்டில் பாயும் பந்தயங்களுக்கு அவள் போக ஆரம்பித்தது அப்படித்தான். அங்கே அவள் பெயர் பஸ்காரி.

போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மூன்றாவது கியர் விழுந்த கணத்தில் வண்டியின் பின்பக்கம் விலகியது. ஓடுபாதையை விட்டுப் புல்லில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பஸ்காரி இறங்கி டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அளவுக்காரி அப்படியே கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த வண்டியின் கணினியில் டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை ஒவ்வொரு கியருக்கும் தனித்தனியாக வைக்கலாம். முதல் கியரில் அதைக் குறைத்து இன்ஜின் பலத்தை அடக்குவது எல்லாரும் செய்வதுதான். இல்லாவிட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுழலும். புதுப் பருவம் தொடங்கும் முன் அளவுக்காரி மூன்றாவது கியரிலும் குறைத்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்யும் நல்லதில் பாதி நம் பயத்துக்காகச் செய்வது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் பஸ்காரி ஹெல்மெட்டைக் கழற்றியபடியே வந்து, "அக்கா, மூணாவதுல வண்டி மூச்சைப் பிடிச்சுக்குது" என்றாள்.

"வெயில். சூடான காத்துல இன்ஜின் அப்படித்தான் இருக்கும்."

வெயிலில் இன்ஜின் சோர்வது உண்மைதான். உண்மையைக் கொண்டு கட்டிய பொய் அவ்வளவு சீக்கிரம் விரிசல் விடாது.

அடுத்த பயிற்சி குளிர்ந்த காலைப்பொழுதில் நடந்தது. வண்டி அப்போதும் மூன்றாவதில் தயங்கியது. இந்த முறை பஸ்காரி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத் தம்பிதான் வந்து சொன்னான். அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு துடைப்பக் கட்டையைக் கியர் மாதிரி பிடித்து, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டுப் போட்டுப் பழகுகிறாளாம். "அக்கா கட்டின இன்ஜின்ல தப்பு இருக்காது, அப்போ தப்பு என் கையிலதான்னு சொல்றா. வீடு பெருக்கத்தான் துடைப்பம் கிடைக்கலை" என்று அவன் சிரித்தான். அளவுக்காரி சிரிக்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது, நாளைக்குப் பக்கத்து டயர் கடைக்காரர் ஓட்டட்டும் என்று பஸ்காரி சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பதுபோலச் சொன்னாள். "எனக்குக் கை மந்தமாயிடுச்சு போல. நல்ல இன்ஜினை நான் வீணாக்கக் கூடாது."

அளவுக்காரி தட்டைத் தள்ளி வைத்தாள். எதையும் அளக்காமல் நம்பாதவள் அவள். அவளுடைய வார்த்தையை மட்டும் ஒருத்தி அளக்காமலே எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும்படி தன் கையையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கையைக் கழுவிவிட்டு இருவரையும் கீழே கூப்பிட்டாள். மடிக்கணினியை வண்டியில் இணைத்து, திரையைப் பஸ்காரி பக்கம் திருப்பினாள்.

"மூணாவதுல நான்தான் குறைச்சு வச்சேன். போன தடவை வண்டி சுத்தினப்போ எனக்கு உயிரே இல்லை. உன் கையில ஒரு தப்பும் இல்லை."

தம்பி ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் போனான். மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அவள் திரையில் மூன்றாவது கியரின் எண் மேல் விரலை வைத்தாள்.

"பஸ் நிறைய ஜனத்தை ஏத்திக்கிட்டுப் போறேன். டிப்போவுல யாரும் எனக்குத் தெரியாம பிரேக்கை மாத்தி வைக்கிறதில்லை" என்றாள். பிறகு, "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க அக்கா. நான் மெதுவாகூட ஓட்டறேன். வண்டி என்கிட்ட பொய் சொல்லக் கூடாது."

"சரி."

"இப்பவும் பயமா இருக்கா?"

"இருக்கு."

"அது இருக்கட்டும். முழுசா வைங்க."

அளவுக்காரி முழுதாக வைத்தாள். டயர் கடைக்காரரைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

மறுநாள் இறுதிப் போட்டியில் பக்கத்துப் பாதையில் நின்றது பல் டாக்டரின் வெள்ளை வண்டி. வரிசையில் காத்திருக்கும்போது அவர் கண்ணாடியை இறக்கி, பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று கேட்டார். "கடைசி ஸ்டாப்ல. நீங்க வர்ற வரைக்கும் நிப்பேன்" என்றாள் பஸ்காரி. டாக்டரின் ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இன்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும் என்று மட்டும் அளவுக்காரி சொல்லியிருந்தாள். அணைக்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினால், இன்ஜின் உள்ளே எப்படி எரிந்தது என்ற தடயம் ஸ்பார்க் பிளக்கில் கலைந்துபோகும்.

பச்சை விளக்கு எரிந்தது. முதல் கியரில் இரண்டு வண்டிகளும் சமமாகக் கிளம்பின. இரண்டாவதில் வெள்ளை வண்டியின் மூக்கு முன்னால் தெரிந்தது. அளவுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பார்ப்பதைவிடக் கேட்பதில் அவளுக்கு நம்பிக்கை அதிகம். மூன்றாவது விழுந்தது. ஓடுபாதையில் டயர் கீச்சிட்டு இழுபட்டது. பின்பக்கம் விலகுகிறது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. பயந்தவள் இந்த இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பாள். எடுத்தால் இன்ஜின் சத்தம் ஒரு கணம் அறுபடும். அந்த அறுபடலுக்காக அவள் மூச்சை நிறுத்திக் காத்திருந்தாள். சத்தம் அறுபடவில்லை. ஒரே இழையாக ஏறிக்கொண்டே போய், எல்லைக்கோட்டுக்கு அப்பால் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது, வெள்ளை வண்டி அப்போதுதான் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

தம்பி கயிறு கட்டிச் சிவப்பு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், ஓட்டினது என் பெண்டாட்டி, கட்டினது என் அக்கா, கயிறு கட்டினது நான் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இன்ஜின் ஆறும் வரை மூவரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அளவுக்காரி முதல் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைப் பீங்கானில் ஒரே சீரான வெளிர்பழுப்பு. உள்ளே எரிபொருள் தப்பான நேரத்தில் வெடித்திருந்தால் படிந்திருக்கும் மினுமினுப்பான புள்ளி ஒன்றுகூட இல்லை.

"மூணாவதுல ஆடுச்சே. காலை எடுக்கலையா?" என்று கேட்டாள், பதில் தெரிந்திருந்தும்.

"எடுத்திருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமே" என்றாள் பஸ்காரி. பிளக்கை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் பார்ப்பது போலவே ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிதானமாகத்தான் தீர்ப்புச் சொன்னாள்.

"பரவாயில்லை."

அளவுக்காரி இன்ஜின் மேல் குனிந்து மற்றப் பிளக்குகளையும் கழற்றத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகத் துடைத்து, வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கிவிட்டு, "வந்து இதையும் பாரு" என்றாள்.