தலை வெட்டுப்பட்ட உறுமி

என் மனைவியின் அண்ணனுக்கு இசை தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவனைப் பெரிய வித்வான் என்று நினைத்துவிடுவீர்கள். கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். என்னிடம் ஒரு சாம்ப்ளர் இருப்பதைப் பார்த்துவிட்டு அதே சாம்ப்ளரைத் தானும் வாங்கினான். அவனுடைய சங்கீதம் அவ்வளவுதான்.

மாடுலர் சிந்தசைசர் என்றால் தனித்தனிப் பெட்டிகளை ஒரு சட்டத்தில் மாட்டி ஒயரால் இணைத்து வாசிப்பது. அதில் சாம்ப்ளர் ஒரு பெட்டி. கொடுக்கிற சத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்லும். எங்கள் பெட்டியைச் செய்பவர் வெளிநாட்டில் எங்கோ தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் மனிதர். அவ்வப்போது அதற்குப் புது ஃபர்ம்வேர் போடுவார். போட்டால் பழைய பெட்டிக்குப் புதுப் புத்தி வரும். என்ன புத்தி வேண்டும் என்று வாங்கியவர்கள் கேட்பதற்கு இணையத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார். கேட்டது கிடைத்தால், யார் கேட்டது என்று அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் நன்றியோடு ஒரு வரி வரும்.

அந்த ஒரு வரிக்காக நான் இரண்டு வருஷம் ஏங்கினேன்.

நான் உறுமி வாசிப்பவன். அடி விழுவதற்கு முன்னால் வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்போம். ஆழத்திலிருந்து ஒரு முனகல் ஏறி வரும். உறுமி என்றால் அந்த முனகல்தான், அடி அதற்குப் பிறகு. மேடையில் என் இரண்டு கையும் உறுமியில் இருப்பதால் பெட்டி தானாகச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும். அதுவோ சத்தம் ஓரளவு உயர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதற்குள் முனகல் பாதி போயிருக்கும். தலை வெட்டுப்பட்ட முண்டம் மட்டும் உள்ளே விழும். விழித்துக்கொள்வதற்குச் சற்று முன்னால் கேட்டதையும் ஞாபகத்தில் வைத்து முன்னால் ஒட்டிக்கொள், இதுதான் என் கோரிக்கை. இது கிடைக்காமல் பெட்டியோடு மேடை ஏறுவதில்லை என்று இருந்தேன்.

நல்ல ஆங்கிலத்தில், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தலைப்பு உபதலைப்பு எல்லாம் போட்டு எழுதினேன். பதில் வந்தது: குறித்துக்கொண்டேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் குறித்துக்கொண்டார்.

மச்சான் எழுதியது என்ன தெரியுமா? நான் வலது கையால் சாப்பிடுகிறேன், அழிக்கும் பட்டனுக்கு இரண்டு கை வேண்டியிருக்கிறது, ஒரு கையால் அழிக்க முடியுமா, கேன் ஆர் நாட் பாஸ்? இதற்கு உலகம் பூராவும் சிரித்து விருப்பக்குறி போட்டது. அடுத்த ஃபர்ம்வேரிலேயே ஒற்றைக் கையால் அழிக்கும் வசதி வந்துவிட்டது. குறிப்பில் நன்றி, கிள்ளான் நண்பருக்கு. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இங்கே நான் மருமகள்.

வயிறு எரிந்தது. பொய் சொல்லிப் பயனில்லை. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால்கூட, வலது கையைப் பார்த்ததும் அவன் ஞாபகம் வந்து சோறு இறங்கவில்லை. வீட்டில் அதையே பேசினேன். பெட்டிக்காரருக்கு ரசனை இல்லை, மச்சானுக்கு இங்கிதம் இல்லை, உறுமிக்கு நாதி இல்லை. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள், அண்ணனிடமே சொல்லிக் கேட்கச் சொல்லலாமே என்றாள். அதைவிடப் பெட்டியை விற்றுவிடுவேன் என்றேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மச்சான் சீர் கொண்டுவந்தான். வருஷா வருஷம் வருவான். தட்டில் தங்கைக்குச் சேலை, எனக்கு வேட்டி சட்டை, கூடவே முறுக்கு டின். இந்த வருஷம் தட்டில் சேலை இருந்தது, முறுக்கு இருந்தது. வேட்டியைக் காணவில்லை.

வேட்டிக்காக நான் ஏங்கிக் கிடக்கவில்லை. ஆனால் கட்டிய மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி இல்லாத தட்டை எந்த வீட்டில் நீட்டுவார்கள்? பேர் கிடைத்த திமிர் என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை முறுக்கை முழுசாகக் காட்டி, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாளரத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். கீழே மோனோரயில் போனது. அதை அக்கறையாகப் பார்த்தேன்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

"மாப்ள, போன எடுத்துப் பாருங்கலா. ஒங்க சீரு அதுலதான் வந்துருக்கு," என்றான்.

காலையில்தான் புது ஃபர்ம்வேர் வந்திருந்தது. குறிப்பின் முதல் வரியே என் கோரிக்கை. விழிப்பதற்கு முன் கேட்டதையும் பெட்டி இனிமேல் சேர்த்துப் பிடிக்கும்.

மனைவிதான் விளக்கினாள். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, "அவருக்கு வேட்டி வேணாண்ணே. அந்த மெஷின்ல அவரு கேக்கறத செய்யச் சொல்லு, பொலம்பல் தாங்கல," என்றாளாம். அவன் ஓர் உறுமிக்காரரைக் கடைக்குக் கூப்பிட்டு, அவர் தேய்த்ததைப் போனில் ஒரு தரமும் பெட்டியில் ஒரு தரமும் பதிந்து, இரண்டையும் அனுப்பியிருக்கிறான். கூட எழுதியது ஒரே வரி. பாஸ், தலை காணோம், தீபாவளிக்குள் கேன் ஆர் நாட்?

என் பக்கம் பக்கமான ஆங்கிலத்தில் ஒரு சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறுமி வாசிக்கிறவன் நான். அதன் முனகலை அந்த மனிதருக்குக் கேட்கச் செய்தவன் உதிரிபாகக்காரன்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன். யோசனை என்னுடையது, உழைப்பு பெட்டிக்காரருடையது, சீர் மட்டும் இவனுடையது. ஆனால் சீரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. நன்றி மச்சான் என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

ஃபர்ம்வேரைப் போட்டேன். மடியில் உறுமியை வைத்துத் தேய்த்தேன். பெட்டி அதைத் திருப்பிச் சொன்னபோது முனகல் ஆழத்திலிருந்து முழுசாக ஏறி வந்தது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, நல்லா இருக்கா என்று கேட்டாள். இருந்தது. கண் கலங்கும் அளவுக்கு நன்றாக இருந்தது.

பிறகுதான் குறிப்பின் கடைசிவரை போனேன். கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன் கேட்டது, தங்கையின் தீபாவளிக்காக, இருவருக்கும் நன்றி என்று எழுதியிருந்தார். திரும்பப் படித்தேன். மச்சான் இருந்தான். என் மனைவி இருந்தாள். தீபாவளிகூட இருந்தது.