மாடியில் டேங்க் இருக்கா?

வீட்டு உபயோகப் பொருள் கடையில் நாள் முழுக்க நின்றால் கால் வலிக்கும் என்பார்கள். எனக்கு முதலில் எரிந்தது வயிறுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்துக் கடைக்கு எட்டு வருஷமாகப் போய்வருகிறேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கம் என் பொறுப்பு. என் வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. பஞ்சு ஒட்டிவரும் அவர் சட்டையைக் காலையில் கல்லில் அடித்துத் துவைத்துவிட்டு, அதே கையால் பத்து மணிக்கு “ஒரு பட்டனைத் தட்டினா போதும் மேடம்” என்று காட்டுவேன். தன்னால் வாங்க முடியாத பொருளை விற்கிற எல்லாருக்கும் இந்த எரிச்சல் தெரியும். நகைக்கடையில் நிற்கிறவர்களே, நீங்கள் என்னைவிடப் பாவம்.

வாசல் அளவு

வத்திராயிருப்பிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர், மகள் கல்யாணச் சீருக்கு ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிறதாம். இருந்தாலும் கடையிலேயே பெரியதைத் தொட்டு, இதுதான் வேண்டும் என்றார். எனக்குச் சீராக வந்ததில் மிக்ஸிதான் பெரிய பொருள். முகம் தெரியாத அந்தப் பெண்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் வாசல் அகலத்தைக் கேட்டாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டு வாசலை அளந்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “வீட்டு வாசல எதுக்கும்மா அளக்கணும்? கல்யாண மண்டப வாசல் எம்புட்டு அகலம், அதுல நுழையுதுல்ல!”

கழுவியதைக் கழுவ

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்க ஒரு மில் முதலாளி வீட்டம்மா வந்தார். கூடவே அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவும் வந்திருந்தார். பாத்திரத்தில் ஒட்டிய எச்சிலை அலசிவிட்டுத்தான் உள்ளே அடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அந்தம்மா பாதி கேட்டார், பாதி போனில் இருந்தார், கடைசியில் வாங்கிவிட்டார்.

எனக்கு அந்தம்மா மேல் பொறாமை. அந்த அக்காவுக்கோ மெஷின் மேலேயே பொறாமை. வெளியே போகும்போது என் காதோடு சொன்னார்: “மொதல்ல நான் கழுவிக் குடுக்கணுமாம், பொறவு அது கழுவுமாம். கரண்டுல ஓடுனா இம்புட்டு மரியாதயா தாயி!”

மூலையில் நின்றது

காட்சிக்கு வைத்திருந்த வாஷிங் மெஷின் ஒன்று, முன்பக்கம் திறக்கிற ரகம், பக்கவாட்டில் இடிபட்டு ஒடுங்கிவிட்டது. தீபாவளிக்குள் போகாவிட்டால் விலை குறைத்து உனக்கே தருகிறேன் என்றார் மேனேஜர். அன்றிலிருந்து அது போகாமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூலைக்குத் தள்ளினேன். ஒடுங்கின பக்கத்தை வெளியே திருப்பினேன். தூசி துடைப்பதையும் நிறுத்தினேன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு பெண் நேராக அதன் முன்னால் போய் நின்றாள். மாமியார் படுத்த படுக்கையாம். ஒரு நாளைக்கு நாலு தடவை விரிப்பு மாற்றுகிறாளாம். ஒடுங்கியிருக்கிறதே என்றேன். “துணிக்குக் கண்ணா இருக்கு?” என்றாள். இந்த ரகத்துக்குக் குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும். அதனால் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை, இல்லை என்று சொல்லித் தொலைக்க மாட்டாளா என்ற ஆசையோடு கேட்டேன்: “மாடியில டேங்க் இருக்கா?” இருந்தது.

என் மெஷினை இவள் கொண்டுபோவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இது புக் ஆயிருச்சுக்கா” என்று கூசாமல் சொன்னேன். வேறு மெஷினுக்கு அவளுக்கு வசதி இல்லை. சண்டை போடாமல், திறந்திருந்த மெஷின் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கேட்டாள்: “பாவம், அவுக வீட்டுலயும் யாரும் படுக்கையில கெடக்காகளா?”

என் வீட்டு வாசலில்

தீபாவளி முடிந்து மெஷின் என் வீட்டுக்கு வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. மாட்ட வந்த எங்கள் கடை மெக்கானிக் மாரியப்பன் அண்ணன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தார். வாடகை வீடு, தெருக்குழாயில் பிடித்து ட்ரம்மில் நிரப்பிவைக்கிற தண்ணீர். மேலே திறக்கிற ரகம் என்றாலாவது வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். மாரியப்பன் அண்ணன் பைக்குள் ஸ்பேனரைத் திரும்பப் போட்டார். “ஏம்மா, டேங்க் இருக்கான்னு ஊருக்கெல்லாம் நீதான கேப்ப?”

சுந்தரபாண்டியத்துப் பெண்ணின் நம்பரைக்கூட நான் வாங்கிவைக்கவில்லை. வாங்கியிருந்தால் இப்போதாவது கூப்பிட்டு இதைக் கொடுத்திருப்பேன். மெஷினுக்குப் பூப்போட்ட உறை போட்டிருக்கிறேன். அதன் பக்கத்திலேயே கல்லில் துவைக்கிறேன். பக்கத்து வீட்டு முத்துலட்சுமி மட்டும் தினமும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்: “ஒனக்கென்னட்டி, மெசின் வாங்கிட்ட!”

எட்டு வருஷமாக அடுத்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்த என்னைப் பார்த்து இப்போது ஒருத்திக்கு எரிகிறது. அதற்கு மட்டும் டேங்க் தேவைப்படவில்லை.