டிரைவர் வளர்த்த மேஸ்திரி

எங்கள் வீட்டுக்கும் வெல்டரம்மா வீட்டுக்கும் நடுவில் இருப்பது நெஞ்சளவுச் சுவர். இந்தப் பக்கம் துணி காயப்போடுகிற எனக்கு, அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தது பாதி, பிறகு அவரே சொன்னது பாதி.

வெல்டரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறையில் வேலை. இரண்டு முன்கையிலும் தீப்பொறி விழுந்த தழும்புகள் உளுந்து இறைத்தது மாதிரி இருக்கும். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தன், அவர் முகமூடி போட்டுக் குனிந்திருந்த நேரம் பார்த்து இடுப்பில் கை வைத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த சூட்டுக் கம்பியை அப்படியே பின்னால் கொண்டுபோய் அவன் முழங்கையில் அழுத்தினார். தோல் வெந்த வாடை தெருவரைக்கும் வந்ததாம். முதலாளி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனைத்தான் வேலையை விட்டு அனுப்பினார்.

கணவர் லாரி டிரைவர். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கன்னத்தில் அறைந்திருக்கிறார். இவர் போய்ச் சுத்தியலை எடுத்து வந்து எதிரே நின்றிருக்கிறார். அன்றோடு அந்த வீட்டில் அடிக்கிற பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு இருவரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டார்கள், பாத்திரம் பறந்தது, ஆனால் ஆள்மேல் கை படவில்லை. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைதூரத்தில் இருந்தாள்.

டிரைவருக்குச் சர்க்கரை வியாதி வந்து பாதம் இரண்டும் மரத்துப்போயின. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ஒரு நாள் பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்துப் பெடலை மிதித்து, பெட்ரோல் பங்க் சுவரில் வண்டியை ஏற்றிவிட்டார். இறங்கி வந்தவர் மறுபடி வண்டியில் ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கோழி வாங்கி விட்டார். வெல்டரம்மா பட்டறையில் மிஞ்சிய கம்பியிலும் வலையிலும் பின்வாசலில் ஒரு கூண்டு அடித்துக் கொடுத்தார். கூவுகிற சத்தம் பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு என்று சேவல் மட்டும் வாங்கவில்லை.

சேவல் இல்லாத இடத்தில் ஒரு பெட்டை அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது ஒரு கறுப்புக் கோழி. குஞ்சிலேயே சளி பிடித்துச் சாகக் கிடந்ததை டிரைவர்தான் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடு கொடுத்துப் பிழைக்க வைத்தார். வளர்ந்ததும் அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மற்றவற்றின் நடுவே நடந்து மேற்பார்வை பார்த்தது. டிரைவர் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார். தவிட்டைக் குழைத்து வைத்தால் முதலில் அதுதான் தின்னும். வேறு எதுவாவது மூக்கை நீட்டினால் கொண்டையில் ஒரு கொத்து. விடிகாலையில் சுவர்மேல் ஏறி, தொண்டை கட்டிய சேவல் மாதிரி கூவவும் கூவியது. டிரைவருக்கு அதில் ஒரே பெருமை.

பெருமை அதிக நாள் நிற்கவில்லை. முதலில் ஒரு செம்பட்டைக் கோழியின் முதுகில் இறகைப் பிடுங்கிப் பிடுங்கித் தோலை வெளியே கொண்டுவந்தது. தோல் சிவந்ததும் அந்தச் சிவப்பின்மேலேயே கொத்தியது. ரத்தம் தெரிந்தால் கோழிக்கு வெறி ஏறிவிடும் என்று கோழிக் கடைக்காரர் சொன்னாராம். வெல்டரம்மா நீலநிற மருந்தைப் பூசிச் சிவப்பை மறைத்தார். செம்பட்டை நீல முதுகோடு மூலையிலேயே ஒண்டிக் கிடந்தது.

அடுத்தது வெள்ளைக் கோழி. அது அப்போதுதான் முட்டையிட்டுவிட்டு எழுந்திருந்தது. பின்பக்கச் சதை இன்னும் உள்ளே போகாமல் சிவந்து பிதுங்கியிருந்தது. மேஸ்திரி அதைக் கொத்தி இழுத்தது. குடல் வெளியே வந்தது. வெள்ளை ஓட ஓட, குடல் மண்ணில் இழுபட, மற்ற கோழிகளும் சேர்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தியும் ஒன்றும் நிற்கவில்லை. டிரைவர் ஊன்றுகோலோடு வந்து சேர்வதற்குள் வெள்ளை கண்ணை மூடிவிட்டது.

அன்று சாயங்காலம் வெல்டரம்மா அதை அறுத்துவிடலாம் என்றார். டிரைவர் முடியாது என்றார். கோழிக்குக் கோர்ட்டா கச்சேரியா, அதற்கு என்ன தெரியும், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேச்சு தடித்தது. ஒரு அலுமினியச் சட்டி எங்கள் சுவரில் மோதி நெளிந்தது. கடைசியில், அறுக்க வேண்டாம், அலகை மட்டும் மழுக்கிவிடுவது என்று முடிவானது.

மறுநாள் வெல்டரம்மா பட்டறை அரத்தை எடுத்து வந்தார். கேட்டின் விளிம்பைத் தேய்க்கிற அரம். மேஸ்திரியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, அலகின் கூர்நுனியைத் தேய்த்தார். அது கழுத்தை முறுக்கி அவர் காது மடலைக் கவ்வியது. கவ்வியதை விடவில்லை. காதிலிருந்து ரத்தம் தோளில் சொட்ட, அவரும் அரத்தை நிறுத்தவில்லை. தேய்த்து முடித்த பிறகுதான் அதன் தாடையை விரலால் பிரித்துக் காதை விடுவித்தார். அப்படியே முகம் கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. அலகு நகம் மாதிரிதானே, மறுபடி வளர்ந்துவிட்டது.

அது நடந்த அன்று வெயில் தணிந்த நேரம். டிரைவர் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலிலிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் காற்றாடத் தூங்கிக்கொண்டிருந்தார். கால்விரலில் ஏதோ சின்னக் கீறல் என்றுதான் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். கூண்டுக் கதவு திறந்திருந்தது. வெல்டரம்மா வேலை முடிந்து வந்து, பையை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். டிரைவரின் காலைச் சுற்றிக் கோழிகள் கூட்டமாக நின்றிருந்தன. ஏதோ போட்டிருக்கிறார், தின்கின்றன என்று நினைத்தாராம். கிட்டப் போனதும்தான் மேஸ்திரியின் முகம் முழுக்க ரத்தம் இருப்பதைப் பார்த்தார். அது தலையைத் தாழ்த்துகிறது, சுண்டு விரலில் ஒரு கொத்து, ஒரு இழுப்பு, விழுங்கிவிட்டு மறுபடி தாழ்த்துகிறது. விரலின் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் கம்பி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. வெல்டரம்மா முதல் வீச்சிலேயே மேஸ்திரியின் தொடையை உடைத்தார். அது சுவரில் மோதி விழுந்து ஒற்றைக் காலில் எழுந்து மறுபடி நாற்காலியை நோக்கி வந்தது. இரண்டாவது அடி சிறகில் விழுந்தது. மற்ற கோழிகள் நாலா பக்கமும் பறந்தன. சத்தத்தில் கண் விழித்த டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன்டி என் கோழிய அடிக்கிற?"

"கீழ பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். தன் கால்தானா என்று சந்தேகப்பட்டவர் மாதிரி இன்னொரு காலையும் பார்த்தார். அப்புறம் அப்படியே நாற்காலியோடு சரிந்தார்.

நானும் வெல்டரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். என் புடவையால்தான் காலைச் சுற்றினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்ததுமே முகத்தைச் சுளித்தார். கோழி கொத்தியது மேலோடு இருக்கிறது, உள்ளே அழுகியிருப்பது பல வாரத்துப் புண், இத்தனை நாள் வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வி வெல்டரம்மாவை அடித்தது மாதிரி எதுவும் அவரை அடித்து நான் பார்த்ததில்லை. பிறகு கட்டிலருகே போனார்.

"எத்தன நாளா இருக்கு இது?"

டிரைவர் மேற்கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சொன்னா வெட்டிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"கோழிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

வெல்டரம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டிருந்தார். அன்று இரவு நான் மட்டும் திரும்பி வந்து எல்லாவற்றையும் கூண்டுக்குள் விரட்டி அடைத்தேன், மேஸ்திரியையும் சேர்த்து. அது உடைந்த காலை இழுத்துக்கொண்டு தானாகவே உள்ளே போனது. தனியாக வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் கூண்டைத் திறக்கப் போனபோது உள்ளே ஒரே ரகளை. மேஸ்திரி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. எல்லாக் கோழிகளும் அதன்மேல் ஏறி நின்றன. முதுகில் நீல மருந்து போகாத செம்பட்டைதான் முன்னால் நின்று அதன் தலையில் கொத்திக்கொண்டிருந்தது. கொண்டை இருந்த இடத்தில் குழம்பிய சதை. ஒரு கண் இல்லை. மூச்சு மட்டும் ஓடியது.

மாற்றுத் துணி எடுக்க வெல்டரம்மா அந்த நேரத்துக்கு வந்தார். கூண்டைப் பார்த்தார். கையை விட்டு மற்றதையெல்லாம் தள்ளி, மேஸ்திரியை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். அது அந்த நிலையிலும் அவர் கட்டைவிரலைக் கவ்வியது. கவ்வியபடியே இருக்க, மறு கையால் கழுத்தைப் பிடித்து ஒரே திருகு. சிறகு அடித்து ஓயும்வரை மடியிலேயே வைத்திருந்தார். புடவையெல்லாம் ரத்தம்.

தெருக்கோடியில் கறிக்குக் கேட்டு ஒருத்தர் ஆள் அனுப்பினார். வெல்டரம்மா தர முடியாது என்றுவிட்டார்.

"எங்க வீட்டு ஆளோட சத அதுக்குள்ள இருக்கு. அத யாரு வாயில போடச் சொல்றீங்க?"

கடப்பாரை எடுத்து அவரே குழி தோண்டினார். மண்ணைத் தள்ளிவிட்டுக் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டிரைவர் வீடு திரும்பியதும் முதலில் கேட்டது மேஸ்திரியைத்தான். நானாக இருந்தால் ஓடிவிட்டது, நாய் தூக்கிப் போய்விட்டது என்று ஏதாவது சொல்லியிருப்பேன். வெல்டரம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார். தொடையை உடைத்தது, கூண்டுக்குள் மற்றவை கொத்தியது, கழுத்தைத் திருகியது, ஒன்றையும் விடவில்லை. சீக்கிரம் உயிர் போய்விட்டதா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் இவர். அன்று டிரைவர் சாப்பிடவில்லை. தட்டை அப்படியே நகர்த்திவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அந்த வீடு சாதுவான வீடாகிவிடவில்லை. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கால் பார்க்கிற சண்டை. வெல்டரம்மா பேசினில் தண்ணீரோடு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உட்காருவார். டிரைவர் காலைக் காட்ட மாட்டார். ஒரு தடவை பேசினை உதைத்துத் தள்ளினார். தண்ணீர் வீடெல்லாம் ஓடியது. இவர் பேசினை எடுத்துச் சுவரில் அடித்து இரண்டாக உடைத்துவிட்டு, இன்னொரு பேசினில் தண்ணீர் பிடித்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு விரலிடுக்காக வெளிச்சம் அடித்துப் பார்த்து, துடைத்து, மருந்து வைத்தார்.

இப்போது கோழிகளுக்கும் நாற்காலிக்கும் நடுவில் கம்பி வலைத் தடுப்பு இருக்கிறது. வெல்டரம்மாவே பற்றவைத்தது. டிரைவர் தடித்த காலணி போட்டுக்கொண்டு உட்கார்ந்து வலைக்கு மேலாகத் தானியம் வீசுகிறார். புண் ஆறிவிட்டது. போன வாரம் நான் துணி எடுக்கப் போனபோது இருவரும் பின்வாசலில் இருந்தார்கள்.

"அது மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் டிரைவர்.

"தெரியும். கால நீட்டுங்க," என்றார் வெல்டரம்மா.

அவர் நீட்டினார்.