தோப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

பெய்து பெய்து தானே அலுத்துப்போன மழை, அன்று காலையில்தான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காயவே காயாத துணிகளை மறுபடியும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜெயராணி.

ஜெயராணி என் பள்ளிக்கூடத் தோழி. வ. புதுப்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அவள் போன் செய்தால் முதலில் சிரிப்புதான் வரும், பேச்சு பிறகுதான். அன்று சிரிப்பில்லை.

"ஏட்டி, உன் காரை எடுத்துட்டு வர முடியுமா? அவியளுக்கு மூச்சு வாங்குது."

அவிய என்றால் அவள் கணவர் அருள்ராஜ். பஸ் டிரைவராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒரு தடவை தவறினாலே கால் வீங்கிவிடும். முதல் நாளே போயிருக்க வேண்டியவர். போக முடியவில்லை.

காரணம்? ஊருக்கு ஒரே ரோடு. அந்த ரோட்டில் ஓடைக்கு மேலே ஒரு தரைப்பாலம். மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் அந்தப் பாலத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாயிற்று. எல்லா வண்டிகளும் எங்கெங்கோ போயிருந்தன. வந்தாலும் ஓடைக்கு இந்தப் பக்கம்தான் நிற்க முடியும்.

"நீ வந்து சேரு. வழி என்னன்னு பொறவு பாப்போம்" என்றாள்.

வழி இல்லாத ஊருக்கு "வந்து சேரு" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அதைக் கேட்டுவிட்டுக் கிளம்ப... அதற்குத் தைரியம் தேவையில்லை, ஜெயராணி போன்ற தோழி இருந்தால் போதும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சிரமமில்லை. கிருஷ்ணன்கோவிலில் ரோட்டின் மேலேயே தண்ணீர். காலேஜ் பஸ்கள் வரிசையாக நின்றன. மாணவர்கள் இறங்கி, பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, பள்ளம் இருக்கும் இடங்களில் எல்லாம் மரக்கிளைகளை நட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, ரைட்ல வாங்க, ரைட்ல!" என்று என்னைக் கடத்திவிட்டாள். இந்தத் தலைமுறை போனிலிருந்து தலையைத் தூக்காது என்று இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே ஒரு முறை எழுதியிருக்கிறேன். வாபஸ்.

தரைப்பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பாலம் ஒரு தட்டு உடைந்த மாதிரி நின்றது. உடைந்த பக்கத்தில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அக்கரையில் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஜெயராணி, மஞ்சள் துண்டை ஆட்டிக்கொண்டு. நடுவில் இருந்தது கூப்பிடு தூரம்தான். ஆனால் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினோம்.

"கயித்தைக் கட்டிக் கூட்டிட்டு வரலாம்னு பாத்தாக. இவிய கனத்துக்கு முடியாதுட்டி. இழுப்பு ஜாஸ்தியா இருக்கு."

"வேற வழியே இல்லையா?"

அவள் கையிலிருந்த மஞ்சள் துண்டு ஓடையின் மேல்புறம் நீண்டது.

"மேல தோப்பு வழியா இருக்கு. ஆனா..."

அந்த "ஆனா" என்னவென்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஓடைக்கு மேல்புறம், இரண்டு கரையையும் சேர்த்து ஒரு பெரிய தென்னந்தோப்பு. சொந்தக்காரர் ரெங்கசாமி. தேங்காய் லாரி போவதற்காக ஓடைமேல் அவரே உயரமாக ஒரு சிமென்ட் பாலம் கட்டியிருக்கிறார். வெள்ளம் அதை ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தோப்போரமாக முன்பு வண்டிப்பாதை இருந்தது, அது பொதுப்பாதை என்று ஊர் சொல்கிறது. பட்டா நிலம், பாதையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ரெங்கசாமி சொல்கிறார். சொன்னதோடு நிற்காமல், ஊர்ப்பக்கம் கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்து, அதை ஒட்டி ஒரு பள்ளமும் வெட்டிவிட்டார். கேஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வருஷக்கணக்காக நடக்கிறது.

ஊர் சார்பாகக் கேஸ் போட்டவர் யார் தெரியுமா? நம் அருள்ராஜேதான்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது ஒரு பாதைத் தகராறு இல்லாமல் இருக்கிறதா? ஓரடி நிலத்துக்காக அண்ணன் தம்பி பேச்சை விட்ட கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அதனால் இரண்டு பேருடைய பயமும் உங்களுக்குச் சட்டென்று புரியும். ரெங்கசாமி ஒரு தடவை வேலியைத் திறந்தால், "பாருங்கள், பாதை இருந்தது" என்று நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீல் எழுந்துவிடுவார். அருள்ராஜ் போய் அனுமதி கேட்டால், "அனுமதி கேட்கிறார் என்றால் அது பொதுப்பாதை இல்லைதானே?" என்று ரெங்கசாமியின் வக்கீல் கேட்பார்.

"இவிய கேக்க மாட்டேங்காக. என்னையும் கேக்க விட மாட்டேங்காக" என்றாள் ஜெயராணி. முதன்முதலாக அவள் குரல் உடைந்தது. "நீ வெளியூர்க்காரி. நீ போய்க் கேளேன்..."

போனேன். தோப்பு வீடு இக்கரையில்தான். காரை விட்டு இறங்கும்போதே வசனங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். மனிதாபிமானம், உயிர், அண்டை அயல் என்று பலமான சரக்கு. ரெங்கசாமி வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய மனிதர், கையில்லாத பனியன். நான் வாயைத் திறந்து, "தரைப்பாலம் உடைஞ்சு போச்சு, அருள்ராஜ் அண்ணனை..." என்பதற்குள் அவர் கேட்டார்:

"இன்னுமா டயாலிசிஸுக்குப் போகல?"

என் வசனம் அத்தனையும் வீண்.

"வாய்தா அன்னிக்கெல்லாம் கோர்ட்டு வராந்தாவுல பாப்பேன்மா. டயாலிசிஸ் முடிஞ்சு நேரா வந்து நிப்பாரு, நிக்க முடியாம நிப்பாரு" என்றார். உள்ளே திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் மனைவி வெளியே வந்து, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டார்: "வேலியைப் பிரிச்சுட்டு நாளைக்குக் கோர்ட்டுல என்ன சொல்லுவீக?"

"அதை நாளைக்குப் பாப்போம்."

ஆனாலும் மனிதர் வக்கீலுக்கு ஒரு போன் போட்டார். வக்கீல் நீளமாகப் பேசினார். பிரிக்கக் கூடாது, பிரித்தாலும் போட்டோ எடுக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும் என்று என் காதிலேயே விழுந்தது. ரெங்கசாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார், கேக்கல... மழைக்குச் சிக்னல் இல்ல சார்" என்று சொல்லிப் போனை அணைத்தார். அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, பின்னால் நான் காரை உருட்டிக்கொண்டு போனேன். பாலத்தைத் தாண்டி வேலிக்குப் போனபோது அந்தப் பக்கம் ஊரே நின்றது. ஒரு கைகூட வேலிமேல் படவில்லை. முன்பு யாரோ கம்பியை வெட்டி, போலீஸ் வரை போயிருக்கிறது. அந்த நினைப்பு எல்லார் முகத்திலும் இருந்தது.

ரெங்கசாமி ஒரு தூணின் அடியில் தனியாகவே குத்த ஆரம்பித்தார். ஊறிக் கிடந்த மண். இருந்தும் தூண் அசையவில்லை. நிமிர்ந்தார்.

"வேடிக்கை பாக்கவா வந்திய? தொடுங்கப்பா. நாந்தான சொல்லுதேன்!"

அவ்வளவுதான். எத்தனை கைகள்! தூண்கள் சாய்ந்தன. கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக வந்து பள்ளத்தை மூடினார்கள். மேலே தென்னை மட்டைகளைப் பரப்பினார்கள். வருஷக்கணக்காக நின்ற வேலி, நான் காரைத் திருப்பி நிறுத்துவதற்குள் வழியாகிவிட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அருள் அண்ணனைத் தூக்கி வந்தார்கள். முகம் உப்பியிருந்தது. பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது. வேலி இருந்த இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி... கேஸை... வாபஸ் வாங்க மாட்டேன்."

ஜெயராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் வாங்கச் சொல்லலையே, டிரைவரே."

"கோர்ட்டுல கேட்டா... இந்த வழியாத்தான் போனேன்னு... சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்லும்! நல்லா சொல்லும். சொல்லுறதுக்கு உசுரோட இரும் மொதல்ல. ஏறும் வண்டியில!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஜெயராணி மட்டும் அழுதாள்.

மட்டைகளின் மேல் ஏறும்போது பின்சக்கரம் ஒரு முறை சுழன்றது. பின்னாலிருந்து ரெங்கசாமி, கேஸில் தனக்கு எதிராக நிற்கும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு தள்ளினார். பனியன் முழுக்கச் சேறு. கார் பாலத்தைக் கடந்து ரோட்டைத் தொட்டது. அதன் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, மூச்சுக்குத் திணறும் நிலையிலும் அருள் அண்ணன் என் டிரைவிங்கைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குறை சொல்வதை நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை. கிருஷ்ணன்கோவிலில் துப்பட்டாப் பெண் பின்சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். விசில் அடித்து மொத்த ரோட்டையும் நிறுத்திவிட்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் அவர் காலைப் பார்த்ததுமே உள்ளே கொண்டுபோனார். கதவு சாத்திக்கொண்டது. ஜெயராணியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கையிலிருந்த மஞ்சள் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். துண்டு எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. சாயங்காலம் டாக்டர் வந்து, "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா கஷ்டம். இப்ப பயமில்ல" என்றார்.

உள்ளே போனோம். அருள் அண்ணன் கண்ணைத் திறந்து, "கிளட்ச் பிளேட்டை மாத்தச் சொல்லு" என்றார், என்னைக் காட்டி. அப்போதுதான் ஜெயராணி சிரித்தாள்.

தரைப்பாலத்தைச் சரிசெய்யும் வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். அது முடியும் வரை ஊர் முழுக்கத் தோப்பு வழியாகத்தான் போகிறது. ஸ்கூல் பிள்ளைகள், பால் கேன், மில் வேலைக்குப் போகிறவர்கள், எல்லாரும். ஊரில் அவர்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். விழுந்து கிடக்கும் தேங்காயை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கண்ணில் பட்டதைப் பொறுக்கித் தோப்பு வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போக வேண்டும். "காய் பொறுக்க இப்ப ஆளே வேண்டியதில்ல" என்று ரெங்கசாமி மனைவி சொல்கிறாராம்.

தார், ஜல்லி, கான்ட்ராக்ட் இதெல்லாம்தான் ரோடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் வேண்டும்தான், சீக்கிரமாகவே வேண்டும். ஆனால் அவை வந்து சேரும் வரை ஊரைத் தாங்குவது யார்? கடப்பாரை எடுக்கிற ஒருவர். கிளை நடுகிற சில பிள்ளைகள்.

போன வாரம் வாய்தா. ஜெயராணி போன் செய்தாள். வழக்கம் போல் முதலில் சிரிப்பு.

"ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல போனாகட்டி!"

"அப்போ கேஸ் முடிஞ்சுதா?"

"யாரு சொன்னா? அது பாட்டுக்கு நடக்கு. உள்ள வக்கீலுக ரெண்டு பேரும் அம்புட்டுக் காரசாரமாப் பேசுதாக. இவிய ரெண்டு பேரும் வெளிய டீக்கடையில நிக்காக. டாக்டர் தண்ணி அளவாக் குடிக்கச் சொல்லிருக்காகல்லா? அண்ணாச்சி இவிய கிளாஸுலருந்து பாதி டீயைத் தன் கிளாஸுக்கு ஊத்திக்கிட்டாராம்... 'இம்புட்டுதான் உமக்கு'ன்னு!"

வழக்குகள் சட்டுபுட்டென்று முடிய வேண்டும் என்பதுதான் என் கட்சி. இந்த ஒன்று மட்டும் பல வருஷம் நடக்கட்டும்!