கடற்கரைக் குழியில் ஒரு கீறல்

கேபிள் இணைக்கும் அந்த மனிதரை வேலையிடத்தில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்துப் பட்டம் வாங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வேலை பார்க்கும் கூடாரத்துக்குள் ஓர் ஈ நுழைய முடியாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த்தான் தும்ம வேண்டும். கையுறை இல்லாமல் யாராவது கேபிளைத் தொட்டால் தொலைந்தார்கள். அப்பேர்ப்பட்டவர் அன்று சாயங்காலம் வீட்டில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடலுக்குள் காற்றாலைகளை நிறுத்தியாகிவிட்டது. அத்தனை மின்சாரமும் ஒரே ஒரு தடித்த கேபிள் வழியாகத்தான் கரைக்கு வர வேண்டும். கடற்கரையில் தோண்டிய குழிக்குள் அந்தக் கடல் கேபிளையும் தரைக் கேபிளையும் சேர்த்து, மேலே உறை போட்டு மூடிவிட்டு வந்திருந்தார் டாக்டர். அங்கிருந்து மின்சாரம் துணை மின்நிலையத்துக்குப் போகும். அங்கே சுவிட்ச் போடுகிறவர் வேறு யாருமில்லை, சாட்சாத் அவருடைய மனைவிதான். குடும்பமே கரண்டில் ஓடுது என்று ஆட்கள் கிண்டலடிப்பார்கள்.

“என்னங்க, உடம்புக்கு முடியலையா?”

“உடம்புக்கு என்ன கேடு. பிளேடு புதுசு.”

“பிளேடா?”

“கறுப்புத் தோலைச் சீவினேன். பழைய பிளேடுக்குப் பழகின கை, அதே அழுத்தம் கொடுத்துட்டேன். உள்ள கரண்டு கசியாம காக்குற வெள்ளை உறையில கீறல் விழுந்துடுச்சு. தேய்ச்சு வழவழன்னு ஆக்கித்தான் மூடினேன். ஆனா தேய்ச்சது போதுமான்னு இப்போ சந்தேகமா இருக்கு.”

சந்தேகம் சும்மா வரவில்லை. கீறல் மிச்சமிருந்து, மின்சாரம் ஏற்றிப் பார்க்கும் சோதனையிலேயே இணைப்பு வெடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை. சோதனையில் தேறிவிட்டு, கப்பல் வர முடியாதபடி கடல் கொந்தளிக்கும் மாதத்தில் வெடித்தால்? கடலில் அத்தனை காற்றாலையும் தண்டமாக நிற்கும். மூடிய உறைக்குள் இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

மனைவி கேட்டார். “நாளைக்கு சுவிட்ச் போடப்போறது என் கை. இப்போ எனக்கும் தெரிஞ்சுபோச்சு, எப்படிப் போடுவேன்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்” என்றார் டாக்டர்.

காலையில் இன்ஜினியர் வாங்கு வாங்கென்று வாங்கினார். “கீறல் விழுந்த உடனே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னும் ஒரே ஒரு தடவை வெட்டிக் கட்டத்தான் கேபிள்ல நீளம் இருக்கு. இதுலயும் பிசகினா கேபிள் போட்ட கப்பலைத்தான் திரும்பக் கூப்பிடணும்.” டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தப்பு தன்னுடையது என்று தெரிந்தவன் வேறு என்ன செய்வான், பாவம்!

இணைப்பை வெட்டி எடுத்து, உறையைப் பிரித்தார்கள். இன்ஜினியர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை டாக்டரிடம் நீட்டினார். முடி இழை மாதிரி ஒரு கோடு, அப்படியே இருந்தது.

“நல்லவேளை, சொன்னீங்க” என்றார் இன்ஜினியர். கோபம் போன இடம் தெரியவில்லை. “போங்க, போய்க் கட்டுங்க.”

இந்த முறை புது பிளேடை வேண்டாத கேபிள் துண்டில் ஓட்டிப் பார்த்துக் கை பழகிய பிறகே வேலையில் இறங்கினார். மூடுவதற்கு முன் இன்ஜினியரையும் பார்க்க வைத்தார். இணைப்பு சோதனையில் தேறியது. அப்போதும் அவருக்கு நிம்மதி வரவில்லை. சுவிட்ச் போடும் வேளையில் போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே நின்றார்.

மின்நிலையத்திலிருந்து என்ன சொன்னாலும் இந்தப் பக்கம் இருப்பவர் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அது அங்கே சட்டம். புருஷன் பெண்டாட்டி என்று விதிவிலக்கெல்லாம் கிடையாது.

“கடல் கேபிளில் மின்சாரம் ஏறிவிட்டது. அழுத்தம் சீராக இருக்கிறது. திருப்பிச் சொல்லவும்.”

“கடல் கேபிளில் மின்சாரம் ஏறிவிட்டது. அழுத்தம் சீராக இருக்கிறது.”

“சரி.” பிறகு மனைவியின் குரல் இறங்கியது. “சுவிட்ச் போடறப்போ எனக்கும் கை நடுங்கிச்சுங்க. திருப்பிச் சொல்லுங்க.”

“உனக்கும்...” என்று ஆரம்பித்த டாக்டர், அதற்கு மேல் சொல்ல முடியாமல் மணலிலேயே உட்கார்ந்து அழுதார்.